பொருட்காட்சிசாலை கொள்ளுவனவும் தள்ளுவனவும்

பழைய நூலொன்றைப் பதிப்பிக்கப் புகுந்த ஆசிரியர், பல ஏட்டுப் பிரதிகளைத் தம்முன் விரித்து வைத்து, இப்பாடம் கொள்ளத்தக்கது, இது தள்ளத்தக்கது என்று துணிகின்றார். பாடம் இனிதாயிருத்தல் மட்டும் அவர்க்குப் போதாது. அஃது எந்தப் பிரதியில் உள்ளது, அப்பிரதி எவ்வூரிலிருந்து வந்தது, யார் கைப்பட எழுதியது என்பனவற்றையும் அவர் ஆராய்வர். தமிழ் பயிலும் எம்போன்றார்க்கு இம்முறை பழகிய ஒன்று. ஊர்ப் பொருட்காட்சிசாலையின் பொறுப்பினை ஏற்றுள்ள காப்பாட்சியரும் இவ்வாறே பொருள்களைக் கொள்ளவும் தள்ளவும் கடமைப்பட்டவராவர். அவர் அதனை எந்நெறி பற்றிச் செய்தல் வேண்டும் என்பதே இக்கட்டுரையில் யாம் ஆராயப் புகுந்த பொருள்.

பொருட்காட்சிசாலை என்பது பழம்பொருள்களைக் குவித்து வைக்கும் கிடங்கு என்று கருதுவார் பலர். பழைமை ஒன்றே தகுதியாயின், மண்ணிற் கிடக்கும் ஓட்டாஞ்சில்லுகள் எல்லாம் அங்கே இடம்பெறல் வேண்டும். அழகு ஒன்றே தகுதியாயின், அது நகைக்கடைக்கும் உண்டு. விலையே தகுதியாயின், வங்கியின் இரும்பறையே சிறந்த பொருட்காட்சிசாலையாகும். இம்மூன்றும் அல்லாத வேறொரு தகுதி உளது. அது யாதென்பதைச் சில வரலாறுகளைக் கொண்டு காண்போம்.

எல்லை வகுத்தல்

சென்னை அரசினர் பொருட்காட்சிசாலை 1851-ஆம் ஆண்டில் தோன்றியது. சென்னை இலக்கியச் சங்கத்தார் தம்மிடமிருந்த ஏறத்தாழ 1,100 கல்வகை, கனிவகை மாதிரிகளை அளித்தனர். அவையே அதன் முதற் செல்வம். எட்வர்டு பால்பர் என்னும் மருத்துவர் அதற்கு முதற் பொறுப்பாளராயினார். புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக்கு உரிய கட்டிடத்தில் அது முதலில் வைக்கப்பெற்றது. பின்னர் 1854-இல் எழும்பூரிலுள்ள பாந்தியன் மாளிகைக்கு மாற்றப்பட்டது. அடுத்த ஆண்டில் அங்கே உயிருள்ள விலங்குகளையும் வைக்கத் தொடங்கினர். புலிக்குட்டியைக் காணும் ஆவல் கல்லைக் காணும் ஆவலினும் பெரிதன்றோ? மக்கள் திரண்டு வந்தனர். விலங்குகளும் விரைவிற் பெருகின. 1863-இல் அவை யாவும் அவ்விடத்தினின்றும் பிரிக்கப்பெற்று, மக்கள் பூங்காவிற்கு அனுப்பப்பட்டன. அவ்விலங்குக் காட்சிசாலையே பல்லாண்டுகட்குப் பின் வண்டலூருக்குச் சென்று, 1985-இல் அங்கே பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்றது.

பொருட்காட்சிசாலை தொடக்கத்திற் கல்லூரிக் கட்டிடத்தில் இருந்தமையின், பொதுமக்கள் அதனையும் 'காலேஜ்' என்றே வழங்கினர். விலங்குகள் பிரிந்து சென்றபின், எழும்பூரில் உள்ளது 'செத்த காலேஜ்' என்றும், பூங்காவில் உள்ளது 'உயிர் காலேஜ்' என்றும் பெயர் பெற்றன. நகைச்சுவை மிக்க இவ்வழக்கில் ஓர் உண்மையும் பொதிந்துள்ளது. இன்னது எம்முடையது, இன்னது பிறர்க்குரியது என்று எல்லை வகுத்துக்கொண்டாலன்றி எந்நிலையமும் தன் தொழிலைச் செவ்வனே செய்ய இயலாது. மக்களைக் கூட்டுவது எதுவோ அதனையெல்லாம் சேர்த்துக்கொண்டே போயின், நிலையம் சந்தையாக முடியும்.

ஊர்ப் பொருட்காட்சிசாலைக்கு இவ்வெல்லை இன்னும் இன்றியமையாதது. அதற்குக் கூடங்கள் சில, பணியாளர் சிலர், பொருளும் சுருக்கம். எகிப்து நாட்டுக் காசொன்று யாரோ ஒருவரால் அதற்கு அளிக்கப்பெறின், அது விந்தையாகத் தோன்றலாம். ஆயினும் அம்மாவட்டத்து மக்களின் வாழ்வினைப் பற்றி அக்காசு கூறுவது ஒன்றுமில்லை. அம்மாவட்டத்துத் துறைமுகம் ஒன்றின் மண்ணிலேயே அயல்நாட்டுக் காசு அகழ்ந்தெடுக்கப்பெறின், அது வேறு. அப்போது அக்காசு அவ்வூரின் கடல் வாணிகத்திற்குச் சான்றாகின்றது. காசு ஒன்றே; கிடைத்த இடத்தால் அதன் பொருள் வேறுபடுகின்றது.

விலையும் வரலாறும்

கிடைத்த இடம் எத்துணைச் சிறப்பினது என்பதற்குப் பல்லாவரத்துக் கல்லொன்று சான்றாகும். இராபர்ட்டு புரூசு பூட்டு என்பார் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையிற் பணிபுரிந்தவர். 1863-ஆம் ஆண்டு மே 30-ஆம் நாள் பல்லாவரத்தில் அவர் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது பழங்கற்கால மனிதனாற் செதுக்கப்பெற்ற கருவி என்று அவர் உணர்ந்தார். இந்நாட்டில் எழுத்தும் இரும்பும் தோன்றுதற்குப் பல்லாயிரம் ஆண்டுகட்கு முன்னரே மக்கள் வாழ்ந்தனர் என்னும் ஆராய்ச்சிக்கு அந்நாளே தோற்றுவாயாயிற்று. வழிப்போக்கர் எவரும் குனிந்தும் நோக்காத கல் அது. அங்காடியில் அதற்கு ஒரு காசும் கிடையாது.

பூட்டு அவர்கள் அதனோடு நிற்கவில்லை. தம் வாழ்நாள் முழுதும் தென்னாட்டிலும் பிற பகுதிகளிலும் தொல்பொருள்களைத் திரட்டி வந்தார். அத்திரட்டு 1904-இல் சென்னைப் பொருட்காட்சிசாலைக்கு வந்து சேர்ந்தது. அவர் 1912-இல் காலமானபின், அதன் அட்டவணை நூல்கள் 1914-ஆம், 1916-ஆம் ஆண்டுகளில் வெளிவந்தன. கற்களின் அழகு கருதி அத்திரட்டு போற்றப்படவில்லை. இது இவ்விடத்துக் கிடைத்தது என்று பொறுமையோடு குறித்து வைத்த குறிப்புக்களே அதனைச் செல்வமாக்கின. அக்குறிப்புக்களை நீக்கிவிடின், எஞ்சுவது சாலையிற் பரப்பத்தக்க சரளைக்கல் அன்றோ?

இதற்கு மறுதலையான வரலாறு ஒன்றும் உண்டு. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயிலினின்றும் சோழர் காலத்து நடராசர் திருமேனி களவாடப்பட்டது. ஆத்திரேலிய நாட்டுத் தேசியக் கலைக்கூடத்தார் அதனை நியூயார்க்கு வணிகர் ஒருவரிடமிருந்து 2008-இல் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். திருமேனியோ அழகின் எல்லை. அதனோடு வந்த வரலாறோ பொய். உண்மை வெளிப்பட்டபின், 2014-இல் அத்திருமேனி இந்திய நாட்டிற்குத் திருப்பி அளிக்கப்பெற்றது. விலைமதிப்பற்ற பொருளாயினும், அதனைக் கொண்டு வந்தவர்க்கு அதன்மீது உரிமை இன்றேல், அதனை ஏற்பது களவிற்குத் துணைபோதலேயாகும்.

இவ்விரண்டு வரலாறுகளையும் ஒருங்கு வைத்து நோக்குக. ஒன்று விலையற்ற கல். அதற்கு உண்மை வரலாறு உண்டு. மற்றொன்று பெருவிலைச் செப்புத் திருமேனி; அதனோடு வந்தது பொய் வரலாறு. முதலது நிலைத்து நின்றது, மற்றையது நிற்கவில்லை. ஆகவே யாம் தேடிப் புகுந்த தகுதி இதுவே: பொருளும் அதன் மெய்வரலாறும் ஒன்றாய் இயைந்து நிற்றல்.

பொருள் வந்து சேரும் வழிகள்

ஊர்ப் பொருட்காட்சிசாலைக்குப் பொருள்கள் வரும் வழிகள் பெரும்பான்மையும் நான்கு: கொடை, விலை, அகழாய்வு, புதையல். இவற்றுள் புதையல் பற்றிய சட்டம் நாம் அறிந்திருக்கத் தக்கது. 1878-ஆம் ஆண்டின் புதையற் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடையதாயின், அதனைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியர்க்கு எழுத்து மூலம் அறிவித்தல் வேண்டும். அவ்வறிவிப்பில் மூன்று செய்திகள் அடங்கியிருக்க வேண்டும்: பொருளின் இயல்பும் மதிப்பும், அது கிடைத்த இடம், அது கிடைத்த நாள். வரிக்கணக்கும் வழக்கும் பார்க்கும் சட்டமே, இடத்தையும் நாளையும் முதலிற் கேட்கின்றது என்பதை உய்த்துணர்க.

அரசினர் அப்பொருளைத் தமக்கென எடுத்துக்கொள்ளக் கருதின், அதன் மூலப்பொருளின் மதிப்பும், அம்மதிப்பில் ஐந்தில் ஒரு பங்கும் கூட்டி உரியவர்க்கு அளிப்பர். செம்பின் மதிப்பு 1,000 ரூபாயாயின், 1,200 ரூபாய் கிடைக்கும். கலைத்திறத்திற்கு அச்சட்டத்தில் தனிக் கணக்கு இல்லை, உலோகத்திற்கே கணக்கு. உழுசாலில் திருமேனி ஒன்றைக் கண்ட ஏழை உழவன் முன் இரண்டு வழிகள் உள. அறிவித்தால் நெடுங்காலம் அலைந்து சிறுதொகை பெறலாம். இரகசியமாக விற்றால் உடனே பெருந்தொகை பெறலாம். அவன் நேர்வழியைத் தெரிந்துகொள்வானாயின், அதற்குக் காரணம் அவனுடைய நன்மனமேயன்றிச் சட்டம் தரும் ஊதியம் அன்று. இந்நன்மனத்தை ஊரார்பால் வளர்த்தல் ஊர்ப் பொருட்காட்சிசாலையின் தொழில்களுள் ஒன்றாம். தன் ஊர்ப்பெயரும் கண்டெடுத்தவர் பெயரும் பொறித்த அட்டையோடு அத்திருமேனி அருகிலுள்ள சாலையிலேயே விளங்குமாயின், அடுத்த உழவனும் அவ்வழியே வருவான்.

இனி, 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வச் சட்டம் நூறாண்டுகட்குக் குறையாத பழைமையுடையவற்றையும், கையெழுத்துச் சுவடிகளாயின் எழுபத்தைந்து ஆண்டு கடந்தவற்றையும் தொல்பொருளாகக் கொள்கின்றது. அவற்றை நாட்டிற்கு வெளியே தனியார் கொண்டு செல்லல் ஆகாது. ஆதலின் விலைக்கு வாங்கும்போதும், கொடையாகப் பெறும்போதும், கொடுப்பவர்க்கு அதனைக் கொடுக்கும் உரிமை உண்டோ என்று வினாவுதல் மரியாதைக் குறைவன்று; கடமையேயாம்.

நாகப்பட்டினம் கற்பிக்கும் பாடம்

எதனைக் காத்தல் வேண்டும் என்று உரிய காலத்தில் ஒருவரும் துணியாதபோது நேரும் இழப்பினை நாகப்பட்டினம் நமக்குக் காட்டுகின்றது. சோழர் காலத்தில் அங்கே பௌத்த விகாரம் சிறந்திருந்தது. அதன் நினைவாக மூன்று நிலையுள்ள செங்கற் கோபுரம் ஒன்று 19-ஆம் நூற்றாண்டிலும் நின்றது. சர் வால்டர் எலியட்டு 1846-இல் அதனைக் கண்டு, அதன் தோற்றத்தை வரைந்து வைக்கச் செய்தார். 1856-இல் அவ்விடத்தில் மரமொன்றை வெட்டியபோது புத்தர் திருமேனிகள் சில வெளிப்பட்டன. அவ்விடம் அப்போது கிறித்தவக் குருமாராகிய இயேசு சபையார் கையில் இருந்தது. அவர்கள் அரசினரின் இசைவு பெற்று 1867-இல் அக்கோபுரத்தை இடித்துவிட்டனர்.

கல்வி வளர்க்க வந்த நல்லோரே அதனைச் செய்தனர் என்பதை நம்மனோர் மறைத்தல் தகாது. அவர்கள் கண்ணுக்கு அது சிதைந்த பாழ்ங்கட்டிடமாகவே தோன்றியது. அரசினர் கண்ணுக்கும் அங்ஙனமே தோன்றியது. அக்காலத்தில் அதனைப் போற்றிக் காப்பதற்கு அவ்வூரில் பௌத்தர் எவரும் இலர். வழிபடுவார் அற்ற பொருளுக்குப் பரிந்து பேசுவார் யார்? அவ்விடத்திற்கு உரியவர் பொருட்காட்சிசாலையாரே.

கோபுரம் மறைந்தது, ஆனால் மண்ணினின்றும் பிற்காலத்தும் திருமேனிகள் வெளிப்பட்டுக்கொண்டேயிருந்தன. அங்ஙனம் கிடைத்தவை ஏறத்தாழ 350 என்பர். அவற்றுட் பல சென்னைப் பொருட்காட்சிசாலையில் உள்ளன. 1954-இல் டி. என். இராமச்சந்திரன் அவற்றைப் பற்றி விரிவான நூலொன்று வெளியிட்டார். தமிழ்நாட்டுக் கடற்கரையில் நூற்றாண்டுகளாகப் பௌத்தம் வாழ்ந்தது என்பதற்குச் செப்புப் பட்டயங்களோடு அத்திருமேனிகளும் இன்று வாய்திறந்து சான்று கூறுகின்றன. கோபுரத்தைப் பற்றி நாம் அறிதற்கோ, பெரும்பாலும் வரைந்து வைத்த படமே துணை. காக்க இயலாததனைக் குறித்தேனும் வைத்தல் வேண்டும் என்னும் இரண்டாம் பாடமும் இதனாற் பெறப்படும்.

பொருளின் இயல்பான உறைவிடம்

வழிபாட்டில் உள்ள திருமேனியின் செய்தி வேறு. அதற்குக் கோயிலே உறைவிடம். அதனைப் பெயர்த்துக் கண்ணாடிப் பேழையுள் வைத்தல் பொருட்காட்சிசாலையின் தொழிலன்று. வழிபாடு ஒழிந்து மண்ணுள் மறைந்து கிடந்ததனையும், உரியார் இன்றிக் கைவிடப்பட்டதனையுமே அது ஏற்றல் தகும். உயிரோடு வாழும் வழக்கத்தை அறுத்து எடுத்துக் காட்சியாக்குவது காத்தலாகாது.

அகழ்ந்தெடுத்தனவற்றிற்கும் உறைவிடம் பற்றிய வினா எழும். திருவைகுண்டத்தை அடுத்த ஆதிச்சநல்லூரின் தாழிக்காட்டை 1876-இல் ஜாகர் என்னும் செருமானியர் அகழ்ந்து, கிடைத்தவற்றைப் பெர்லினுக்குக் கொண்டு சென்றார். பின்னர் அலெக்சாந்தர் ரீ என்பார் 1899 முதற் சில ஆண்டுகள் முறையாக அகழ்ந்து, பொன்நெற்றிப்பட்டங்களும் இரும்புப் படைக்கலங்களும் வெண்கலப் பொருள்களுமாகப் பலவற்றைச் சென்னைக்கு அனுப்பினார். அவை சென்னையிற் போற்றப்பெற்றன. அட்டவணையும் 1915-இல் வெளிவந்தது. எனினும் தாமிரபரணிக் கரையில் வாழ்ந்த சிறுவன் தன் ஊரின் பெருமையைக் காணச் சென்னைக்கோ பெர்லினுக்கோ செல்ல வேண்டியவனாயினான். 2023-இல் ஆதிச்சநல்லூரிலேயே, அகழ்ந்த குழியில் தாழிகளை இருந்தபடியே விட்டு, மேலே கண்ணாடித் தளம் அமைத்துக் காட்சி ஏற்படுத்தினர். அதே ஆண்டில் சிவகங்கை மாவட்டத்துக் கீழடியிலும் அவ்வூர்ப் பொருள்கட்குத் தனிப் பொருட்காட்சிசாலை திறக்கப்பெற்றது. தாழி தான் கிடந்த மண்ணிலேயே நின்று பேசும்போது, அதற்கு அட்டையிற் பெரிதாக எழுதவேண்டுவது ஒன்றுமில்லை.

எளிய பொருள்களின் அருமை

பொன்னையும் செப்பையும் பற்றிக் கூறினோம். ஆயினும் ஊர்ப் பொருட்காட்சிசாலை பெரிதும் தவறவிடுவன இவையல்ல. எல்லார் வீட்டிலும் இருக்கும் எளிய பொருள்களே. எல்லார் வீட்டிலும் இருப்பதனை எவரும் காத்து வைப்பதில்லை. ஒருவர் வீட்டிலும் இல்லாத காலம் வரும்போது அதனைத் தேடிப் பயனில்லை.

மரக்காலை எடுத்துக்கொள்வோம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுக்களில் 'ஆடவல்லான்' என்னும் பெயருடைய மரக்கால் பலவிடத்தும் வருகின்றது. ஊருக்கூர் அளவு வேறுபட்டமையின், எந்த மரக்காலால் அளந்தது என்று கூறுதல் அக்காலத்தில் இன்றியமையாததாயிற்று. 1956-ஆம் ஆண்டில் நிறுத்தலளவை, முகத்தலளவைகட்குப் புதிய சட்டம் இயற்றப்பெற்று, கிலோகிராமும் லிட்டரும் படிப்படியாக நாடெங்கும் வழக்கிற்கு வந்தன. மரக்காலும் படியும் உழக்கும் ஆழாக்கும் சந்தையினின்றும் மறைந்தன. இன்று நெல் அளக்கும் பகுதியைப் பழம்பாடலிற் படிக்கும் மாணவர், அகராதியிற் பொருள் காண்கின்றனரேயன்றிக் கையில் ஏந்திப் பார்த்திலர். ஏற்றமும் கவலையும் இவ்வாறே மறைந்தன. கிணற்று மேட்டில் பாடப்பெற்ற ஏற்றப்பாட்டின் நடை, ஏற்றம் ஏறி இறங்கும் அசைவினின்றும் பிறந்தது. கருவியைக் காணாதார்க்குப் பாட்டின் தாளமும் பாதியே விளங்கும்.

ஏட்டுச்சுவடிகளின் கதை இதனினும் துயரமானது. ஆடிப் பதினெட்டாம் பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விட்ட செய்தியினை மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையர் தம் வரலாற்றிற் குறித்துள்ளார். விட்டவர் தீயோரல்லர், பயனற்றதெனக் கருதியதனை மரியாதையோடு நீரிற் சேர்த்தனர். 1578-இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' என்னும் சிறுநூலின் பிரதியைக் காணவேண்டுமாயின், அமெரிக்க நாட்டு ஆர்வர்டு பல்கலைக்கழக நூலகத்திற்குச் செல்லல் வேண்டும். அச்சேறிய தமிழ் நூல்களுள் நம் நாட்டிற் பதிப்பிக்கப்பெற்ற முதலது அது. அதனை ஓதியவர் வழியினராகிய நம் கிறித்தவ மக்களும் ஒரு பிரதியைத் தானும் காத்து வைத்திலர்.

இவற்றால், அரியதனை மட்டும் தேடுவது பொருட்காட்சிசாலைக்குப் போதாது என்பது தெளிவு. இன்று மலிவாயிருந்து நாளை அரிதாகப் போவது யாதென முன்னறிந்து, மலிவாயிருக்கும்போதே ஒன்றிரண்டைத் தெரிந்து வைத்தலே காப்பாட்சியரின் மதிநுட்பம்.

ஏற்பதென்பது வாக்குக் கொடுத்தல்

கொள்ளுதல் ஒரு நாட் செயல். காத்தல் எந்நாளும் செய்யும் செயல். பதிவேட்டில் ஒரு பொருளுக்கு எண் இட்ட அன்றே, அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பதாகப் பொருட்காட்சிசாலை வாக்குக் கொடுத்துவிடுகின்றது. மரத்தைக் கரையான் அரிக்கும். ஏட்டைப் பூச்சி துளைக்கும். துணியின் சாயம் வெயிலில் மங்கும். கடற்காற்றின் உப்புப்பட்ட செப்புத் திருமேனியில் பச்சைப் பொடி பூத்து உள்ளும் புறமும் தின்னும். இவ்வெண்கல நோயைத் தீர்க்கும் பொருட்டே 1930-இல் சென்னைப் பொருட்காட்சிசாலையில் வேதியியல் ஆய்வுக்கூடம் ஏற்பட்டது. எஸ். பரமசிவன் என்னும் அறிஞர் மின்னாற்றலைக் கொண்டு அந்நோயை நீக்கும் முறையினை அங்கே கையாண்டார்.

நன்கு காக்க எண்ணிச் செய்ததே தீங்காக முடிதலும் உண்டு. அமராவதிப் பளிங்குச் சிற்பங்கள் சென்னையில் 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சிமிட்டி கொண்டு சுவரிற் பதிக்கப்பெற்றன. உறுதியாக நிற்கும் என்று கருதியே அங்ஙனம் செய்தனர். ஆனால் சுவரின் ஈரமும் சிமிட்டியின் உப்பும் கல்லினுட் புகுந்து அதனை நலியச் செய்தன. ஆதலின் ஒரு பொருளை ஏற்குமுன், 'இதனை வைக்க இடமுண்டா?' என்று வினவுதல் மட்டும் போதாது. 'இதனைக் காக்க அறிவும் ஆளும் உண்டா?' என்றும் வினவுதல் வேண்டும். இல்லையெனின், உள்ள இடத்திற்கு அதனை வழிகாட்டுதலே அறம்.

தள்ளும் முறை

ஏற்றபின் தள்ளுதலும் சிலபோது நேரும். 1946-இல் தோன்றிய பன்னாட்டுப் பொருட்காட்சிசாலைக் கழகம், 1986-இல் ஒழுக்க நெறிகளை வகுத்து, 2004-இல் அவற்றைத் திருத்தி வெளியிட்டது. ஒவ்வொரு பொருட்காட்சிசாலையும் தான் சேர்ப்பன யாவை, சேர்க்காதன யாவை என்னும் கொள்கையினை எழுத்தில் வைத்தல் வேண்டும் என்பதும், உரிமை ஐயத்திற்கிடமானதை ஏற்றலாகாது என்பதும் அவற்றுள் அடங்கும். ஒரு பொருளை நீக்க நேரின், முதற்கண் வேறொரு பொருட்காட்சிசாலைக்கு அளிக்க முயலல் வேண்டும். விற்றுப் பெற்ற தொகை உளதாயின் அதனைத் திரட்டின் நலத்திற்கே செலவிடல் வேண்டும். நீக்கிய செய்தியும் காரணமும் பதிவேட்டில் நிலைத்திருத்தல் வேண்டும். கூரை வேய்வதற்காகச் சுவடியை விற்றலாகாது என்பதே இதன் கருத்து.

ஒரே வகைப் பொருள் இரண்டு இருப்பின் ஒன்றைத் தள்ளலாம் என்று சிலர் கூறுவர். இங்கே பதிப்பாசிரியரின் அனுபவம் நமக்குப் பயன்படும். ஒரு நூலுக்குப் பிரதிகள் பல இருத்தல் வீண் என்று அவர் கூறார். பிரதிகள் வேறுபடும் இடத்திலேதான் உண்மைப் பாடம் துலங்கும். ஊருக்கூர் வேறுபட்ட மரக்கால்களும் அத்தகையனவே. ஆனால் எவ்வூரது என்று அறியப்படாத மரக்கால்கள் பத்து இருந்தும் பயனில்லை. ஊரும் காலமும் தெரிந்தவை மூன்று இருப்பின் அவை மூன்று பாடங்களாகும்.

ஓர் எடுத்துக்காட்டு

இதுகாறும் கூறியவற்றைத் தொகுத்து ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். ஒருவர் தம் பாட்டனார் வீட்டு மரக்கால் ஒன்றினை மாவட்டப் பொருட்காட்சிசாலைக்குக் கொணர்கின்றார் எனக் கொள்க. காப்பாட்சியர் ஐந்து வினாக்களைத் தம்முள் எழுப்புவர்.

முதலாவது: இஃது இம்மாவட்டத்து வாழ்வைப் பற்றியதா? ஆம், இங்குள்ள களத்தில் நெல் அளந்தது.

இரண்டாவது: கொடுப்பவர்க்கு உரிமை உண்டா? அவர்தம் உடன்பிறந்தாரும் இசைகின்றனரா? அதனை எழுத்தில் வாங்குதல் நன்று.

மூன்றாவது: இதன் வரலாறு யாது? யார் செய்தது, எக்களத்திற் பயன்பட்டது, எத்தனை படி கொண்டது, வட்டாரத்தில் இதற்கு என்ன பெயர்? கொடுப்பவர் அறிந்ததனை அன்றே எழுதிக்கொள்ளல் வேண்டும். பொருளை அடுத்த ஆண்டும் வாங்கலாம்; முதியவர் நினைவை அடுத்த ஆண்டும் வாங்கலாம் என்பது உறுதியன்று.

நான்காவது: இத்தகையது முன்னரே உண்டா? உண்டெனின், இது வேறொரு பாடத்தைக் கற்பிக்குமா?

ஐந்தாவது: இதனைக் காக்க இயலுமா? மரமாயின் கரையானுக்கும், இரும்புப் பட்டை உளதாயின் துருவுக்கும் மருந்து உண்டா?

ஐந்திற்கும் ஏற்ற விடை கிடைப்பின் அது பதிவேட்டிற் சேரும். ஏலாதாயின், படம் எடுத்துக்கொண்டு, வரலாற்றை எழுதிக்கொண்டு, பொருளை அவரிடமே அன்போடு திருப்பித் தருதல் வேண்டும். 'இதனை உங்கள் வீட்டிலேயே காத்து வையுங்கள்' என்று கூறுவதும் காத்தற்றொழிலின் ஒரு கூறே.

முடிவுரை

பொருட்காட்சிசாலையின் தகுதி பொருளின் விலையிலோ பழைமையிலோ அழகிலோ அடங்குவதன்று. பொருளும் அதன் மெய்வரலாறும் பிரியாது நிற்றலே அதன் உயிர். வரலாற்றைப் பிரித்துவிடின், எழும்பூர்ச் சாலைக்கு மக்கள் விளையாட்டாக இட்ட பெயர் எச்சாலைக்கும் மெய்யாகவே பொருந்திவிடும்.

இது காப்பாட்சியர் ஒருவராலே முடியும் செயலன்று. நம் கல்லூரியிற் பயில்வோர் பற்பல ஊர்களினின்றும் வந்துள்ளனர். விடுமுறைக்கு ஊர் செல்லும்போது, வீட்டுப் பரணில் உள்ளது யாது என்று நோக்குவதற்குப் பெருஞ்செலவு வேண்டுவதில்லை. சுவடியோ, காசோ, கருவியோ, பழைய கடிதக் கட்டோ காணப்படின், அதனைத் துடைத்து மெருகேற்றவும் வேண்டா. உடனே யாருக்கேனும் கொடுத்துவிடவும் வேண்டா. இஃது யாருடையது, எங்கிருந்தது, எதற்குப் பயன்பட்டது என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டு, நாளும் ஊரும் குறித்து, ஒரு தாளில் எழுதி அதனோடு கட்டி வைத்தல் போதும். பிற்காலத்தில் அது பொருட்காட்சிசாலைக்குச் செல்லினும், வீட்டிலேயே இருப்பினும், அத்தாள் உடனிருக்குமாயின் அப்பொருள் ஊமையாகாது.